பாட்டியின் பாட்டியைப் படிக்க எவ்வளவு ஸ்பானிஷ் வேண்டும்?

கேள்வி

நான் மதுரைக்காரி, கல்யாணமாகி டெக்சாஸில் சான் அந்தோனியோ நகரில் இருக்கிறேன். என் கணவரின் முன்னோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவருடைய அம்மாவழிப் பாட்டி 1927-ல் ஹலிஸ்கோ மாநிலத்தில் லாகோஸ் தே மொரேனோவுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பாட்டி இப்போது இல்லை. ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர் கோயில் பதிவேடுகளைப் படமெடுத்து மாமியாருக்கு அனுப்பியிருக்கிறார். மாமியார் ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவார். ஆனால் அந்தப் பழைய கையெழுத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிடுகிறார்.

என் மகளின் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வீட்டுப் பக்கம் மூன்று தலைமுறைக்கு மேல் காலியாக இருக்கிறது. அதை நிரப்பத்தான் ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்தேன். செயலியில் பல மாதம் பயின்றும் காபி கேட்கவும் வழி கேட்கவும்தான் வருகிறது. பதிவேட்டில் ஒரு வரி ஓடவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘பக்கத்து வீட்டுக்காரர்’, ‘இயற்கை மகள்’ என்றெல்லாம் வருகிறது. 1840களின் பதிவொன்றில் ஒரு பெண்ணை ‘இஹா நத்துரால்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மாமியாருக்கு மனசு சரியில்லை. 1790களின் பதிவில் ஒருத்தியை ‘இந்தியா’ என்று குறித்திருக்கிறது; “நம்ம ஊராம்மா?” என்று மகள் கேட்கிறாள். 1868-ம் வருடத்துத் திருமணப் பதிவில் ‘மூன்றாம் படி’ என்று ஏதோ வருகிறது. பாட்டியின் ஞானஸ்நானப் பதிவோ கிடைக்கவே இல்லை. இதற்கெல்லாம் முழு ஸ்பானிஷும் கற்க வேண்டுமா? எந்தச் சொற்களில் தொடங்குவது?

வாசகி, சான் அந்தோனியோ

பதில்

முழு ஸ்பானிஷும் வேண்டாம், அம்மா. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

1563-ல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதித்தது. அன்று முதல் ஸ்பானிய ஆட்சி நடந்த ஊர்களிலெல்லாம் பங்குக் குருக்கள் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் எழுதி வந்தார்கள். லீமாவானாலும் மணிலாவானாலும் உங்கள் லாகோஸ் ஆனாலும், 1650 ஆனாலும் 1850 ஆனாலும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை. ஊர், தேதி, பெயர்கள் மட்டும் மாறும். அந்த வாக்கியம் மனத்தில் படிந்துவிட்டால், படிக்க முடியாத கையெழுத்திலும் அடுத்து என்ன சொல் வரும் என்று உங்களுக்கே தெரியும். நூறு, நூற்றைம்பது சொற்களுக்குள் முடிகிற காரியம் இது. செயலி கற்றுத் தருவது பயணிக்கு வேண்டிய சொற்கள். அவற்றில் பெரும்பாலானவை பதிவேட்டின் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

வாக்கியத்தைப் பார்ப்போம். ஸ்பானியச் சொற்களை எழுத்தை ஒட்டியே தமிழில் எழுதுகிறேன்; உச்சரிப்பில் ‘வ’வும் ‘ப’வும் ஒன்றுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் ஊரும் நாளும்: ‘என் லா வில்யா தே...’ என்றால் ‘இன்ன ஊரில்’. ‘ஆ லோஸ் வெயின்தே தீயாஸ் தெல் மெஸ் தே மார்சோ’ என்றால் மார்ச் மாதம் இருபதாம் நாள். அடுத்து ‘யோ எல் கூரா’, அதாவது பங்குக் குருவாகிய நான். ‘பௌதிசே சொலெம்னெமென்தே’, முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்தேன். ‘புசே ஓலியோ இ கிறிஸ்மா’, பரிசுத்த எண்ணெயும் கிறிஸ்மாவும் பூசினேன். யாருக்கு? ‘ஊனா நிஞா தே த்ரெஸ் தீயாஸ் தே நசீதா’, பிறந்து மூன்று நாளான ஒரு பெண் குழந்தைக்கு. ‘ஆ கியென் புசே போர் நோம்ப்ரே’, அவளுக்கு நான் இட்ட பெயர் இன்னது. ‘இஹா லெஹீத்திமா தே’, இன்னாரின் முறைப்படியான மகள். அதன் பின் தந்தை, தாய். பல பதிவுகளில் ‘அபுவேலோஸ் பத்தேர்னோஸ்’, ‘அபுவேலோஸ் மத்தேர்னோஸ்’ என்று இருபுறத் தாத்தா பாட்டிகள். ‘ஃபுவேரோன் சுஸ் பத்ரீனோஸ்’ என்ற சொற்களுக்குப் பின் ஞானப்பெற்றோரின் பெயர்கள். கடைசியில் ‘இ பாரா கே கோன்ஸ்தே லோ ஃபிர்மே’, இதற்குச் சாட்சியாகக் கையொப்பமிட்டேன்.

குழந்தை பிறந்து எத்தனை நாள் என்ற அந்தச் சிறு குறிப்பை விட்டுவிடாதீர்கள். பதிவுத் தேதி ஞானஸ்நானத் தேதி. அதிலிருந்து அந்த நாட்களைக் கழித்தால்தான் பிறந்த தேதி கிடைக்கும். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளி மரங்கள் பலவற்றில் இரண்டும் ஒன்றாக ஏறியிருக்கின்றன.

உறவுச் சொற்கள் உங்களுக்குக் கடினமாக இராது. ‘பாத்ரே’ தந்தை, ‘மாத்ரே’ தாய். நம் பாதிரியார் வந்ததும் போர்த்துகீசியர் சொன்ன ‘பாத்ரே’யிலிருந்துதான், பதிவேட்டிலும் ‘பாத்ரே’ சில இடங்களில் குருவைக் குறிக்கும். பன்மையில் ‘பாத்ரேஸ்’ என்று வந்தால் பெற்றோர் இருவரும். ‘தீயோஸ்’ என்றால் மாமாக்கள் மட்டுமாகவும் இருக்கலாம், மாமாவும் அத்தையும் சேர்த்தும் இருக்கலாம். ஆண்பால் பன்மை இருபாலையும் விழுங்கிக்கொள்ளும் மொழி அது. தாத்தா ‘அபுவேலோ’, பூட்டன் ‘பிசாபுவேலோ’, ஓட்டன் ‘தத்தாராபுவேலோ’. கீழே இறங்கினால் பேரன் ‘நியேத்தோ’, கொள்ளுப்பேரன் ‘பிஸ்நியேத்தோ’, எள்ளுப்பேரன் ‘தத்தாராநியேத்தோ’. அவன் பிள்ளைக்கும் ‘சோஸ்னோ’ என்று தனிச்சொல் உண்டு.

நமக்கு இழப்பு ஓரிடத்தில். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை கணவர் எல்லாரும் அங்கே ‘தீயோ’தான். எந்தப் பக்கத்து தீயோ என்பது ‘பத்தேர்னோ’, ‘மத்தேர்னோ’ என்ற ஒட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஒட்டு இல்லையென்றால் ஊகித்து எழுதாதீர்கள். ஆனால் கொண்டு கொடுத்த உறவில் ஸ்பானிஷ் நம் பக்கம் நிற்கிறது. சம்பந்திக்கு ‘கோன்சுவேக்ரோ’ என்று நேரான சொல் இருக்கிறது. மெக்சிகோவில் சகலையை ‘கோன்குஞோ’ என்பார்கள், ஓரகத்தியை ‘கோன்குஞா’. மாமனார் ‘சுவேக்ரோ’, மருமகன் ‘யெர்னோ’, மருமகள் ‘நுவேரா’, மைத்துனர் ‘குஞாதோ’. ‘பொலித்திக்கோ’ என்ற சொல் உறவின் பின்னால் வந்தால் அரசியலைத் தேடிப் போக வேண்டாம்: ‘இஹோ பொலித்திக்கோ’ மருமகன், ‘பாத்ரே பொலித்திக்கோ’ மாமனார். திருமண வழியில் வந்த உறவு என்று பொருள்.

ஞானப்பெற்றோரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘பத்ரீனோ’ ஞானத்தந்தை, ‘மத்ரீனா’ ஞானத்தாய். இவர்கள் பெரும்பாலும் சொந்தத்திலேயே இருப்பார்கள்: குழந்தையின் தாத்தா பாட்டி, திருமணமாகாத அத்தை, மாமனும் அவர் மனைவியும். பெற்றோரின் பெயர் மழுங்கிப் போன பதிவுகளில் குடும்பத்தைப் பிடித்துத் தருவது இவர்கள் பெயர்தான். குழந்தையின் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஒருவருக்கொருவர் ‘கொம்பாத்ரே’, ‘கொமாத்ரே’. திருச்சபை அதை ‘பாரென்தேஸ்கோ எஸ்பிரித்துவால்’, ஆவிக்குரிய உறவு, என்றே கருதியது. திருமணத்துக்கு அது தடையாகவும் இருந்தது.

இனி பெயர்கள். ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் தந்தையுடையது, அடுத்து தாயுடையது. கல்யாணமான பெண் தன் பெயரை இழப்பதில்லை. சமூக வழக்கில் ‘தே’ போட்டுக் கணவர் பெயரைச் சேர்ப்பார்களே தவிர, பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பாள். பெண் வழியில் பின்னோக்கிப் போக இதைவிட நல்ல வசதி வேறு எங்கும் குறைவு. ஆனால் இரண்டு குடும்பப் பெயர் முறை எல்லாக் காலத்திலும் இறுக்கமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஒரு பிள்ளை பாட்டியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வான், அவன் தம்பி தந்தையின் பெயரை வைத்துக்கொள்வான். ஞானஸ்நானப் பதிவிலோ குழந்தைக்குக் குடும்பப் பெயரே எழுதியிருக்காது.

‘ஹோசே’, ‘மரியா’ இரண்டும் பல இடங்களில் வெறும் முன்னொட்டு. ஒரு வீட்டில் ஆறு பெண்களுக்கும் மரியா என்று தொடங்கலாம்; அடுத்து வரும் பெயரால்தான் அவர்களைப் பிரித்தறிய முடியும். அந்த இரண்டாம் பெயர் பெரும்பாலும் பிறந்த நாளின் புனிதருடையது: டிசம்பர் 12-ஐ ஒட்டிப் பிறந்தவள் குவாதலூப்பே, ஜூன் 24-ஐ ஒட்டிப் பிறந்தவன் ஹுவான், அக்டோபர் 4 என்றால் ஃப்ரான்சிஸ்கோ. இங்கேதான் உங்கள் மாமியார் வேண்டும். அவர் வீட்டில் கேட்டு வளர்ந்த செல்லப் பெயர்களை இன்றே எழுதி வாங்குங்கள். நாச்சோ என்றால் பதிவேட்டில் இக்னாசியோ, பஞ்சோ ஃப்ரான்சிஸ்கோ, சூய் ஹேசூஸ், செமா ஹோசே மரியா, கோஞ்சா கொன்செப்சியோன், சாயோ ரொசாரியோ. ‘நாச்சோ மாமா’வை நாச்சோ என்றே பதிவேட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்.

இப்போது மாமியாரின் மனவருத்தத்துக்கு வருகிறேன். ‘நத்துரால்’ என்ற ஒரே சொல் பதிவேட்டில் இரண்டு வேலை செய்கிறது. ‘நத்துரால் தே லாகோஸ்’ என்றால் லாகோஸில் பிறந்தவர், அவ்வளவுதான். ‘இஹா நத்துரால்’ என்றால் திருமணம் செய்துகொள்ளாத பெற்றோருக்குப் பிறந்த மகள். சட்டத்தில் அதற்கு இன்னும் நுட்பமான பொருள் உண்டு: அந்தப் பெற்றோர் விரும்பினால் திருமணம் செய்துகொள்ளத் தடையில்லாதவர்கள். வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தவர்களின் பிள்ளைக்கு இந்தச் சொல் பொருந்தாது. பெற்றோர் பின்னால் கோயிலில் மணந்துகொண்டால் பிள்ளையும் முறைப்படியான பிள்ளையாகிவிடும். திருமணத்துக்குக் குருவுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து வாழத் தொடங்கி, வசதி வந்தபோது கோயிலுக்குப் போனதும் உண்டு. ஆகவே அந்தப் பெண்ணின் தம்பி தங்கைகளின் பதிவுகளைத் தேடுங்கள். அடுத்த பிள்ளைக்கு ‘லெஹீத்திமா’ என்று இருந்தால், இடையில் ஒரு திருமணப் பதிவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தத் தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்து, தன் பெயரைச் சொல்லிப் பதிய வைத்திருக்கிறாள். அவள் வராமல் போயிருந்தால் இந்தக் கிளையே உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைக்கு எழுதும் சொல் வேறு: ‘எக்ஸ்போசித்தா’, விட்டுச் செல்லப்பட்ட குழந்தை, அல்லது ‘தே பாத்ரேஸ் நோ கொனொசீதோஸ்’, பெற்றோர் அறியப்படாதவர்.

‘வெசீனோ’வும் அப்படித்தான். இன்றைய பேச்சில் பக்கத்து வீட்டுக்காரர். பதிவேட்டில் அந்த ஊரின் குடி. ‘ஒரிஹினாரியோ இ வெசீனோ தே’ என்று வந்தால் இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே வாழ்கிறவர். பிறந்த ஊர் ஒன்றும் ‘வெசீனோ’ ஊர் இன்னொன்றுமாக இருந்தால் குடும்பம் இடம்பெயர்ந்திருக்கிறது, அடுத்துத் தேட வேண்டிய பங்கும் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட சொற்களுக்கு இன்றைய அகராதியை நம்ப வேண்டாம். ஸ்பானிய அரச கழகம் 1726 முதல் 1739 வரை வெளியிட்ட முதல் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் காலத்துச் சொல்லுக்கு அந்தக் காலத்துப் பொருளை அதில் பாருங்கள். இப்போதைக்கு உரை புரியாவிட்டாலும் சில மாதங்களில் புரியத் தொடங்கும்.

மகளின் கேள்விக்கு நேரான பதில்: நம் ஊர் இல்லை. 1790களில் லாகோஸ் பக்கம் ஒருத்தியை ‘இந்தியா’ என்று குரு எழுதினால், அவள் அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். கொலம்பஸ் தான் சேர்ந்த தீவுகளை ஆசியாவின் இந்தியத் தீவுகள் என்று எண்ணியதால் அந்த மக்கள் மேல் ஒட்டிய பெயர் அது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் ஓடிய கப்பல்களில் ஆசியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் நம் துணைக்கண்டத்தினரும் இருந்தது உண்மை. புவெப்லா நகரில் 1688-ல் இறந்த கத்தரீனா தே சான் ஹுவான் அவர்களில் பேர்பெற்றவர். ஆனால் அவர்களைப் பொதுவாக ‘சீனோ’, ‘சீனா’ என்றுதான் அங்கே குறித்தார்கள். உங்கள் பதிவை வைத்து அந்தக் கதையைக் கட்ட வழியில்லை.

இதற்கு மேல் மகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘எஸ்பஞோல்’, ‘மெஸ்தீசோ’, ‘முலாத்தோ’, ‘கொயோத்தே’, ‘லோபோ’ என்று பதிவேட்டில் வருபவை சாதிப் பிரிவுகள். எழுதியவர் குரு, சொன்னவர் சிலவேளை குடும்பம், சிலவேளை ஊர், சிலவேளை குருவின் கண். யார் வரி கட்ட வேண்டும், கோயில் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தச் சொல்லைப் பொறுத்திருந்தன: பூர்வகுடிகளும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் அரசருக்குத் தலைவரி கட்டினார்கள், ‘எஸ்பஞோல்’ கட்டவில்லை. எந்தப் பெயரில் எழுதப்படுகிறோம் என்பதில் மக்களுக்கு அக்கறை இருந்ததற்கு இதுவே காரணம். ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒரு பெயரிலும் திருமணத்தில் இன்னொரு பெயரிலும் வருவது சாதாரணம். பல பங்குகளில் ‘எஸ்பஞோல்’களுக்குத் தனிப் புத்தகம், மற்றவர்களுக்குத் தனிப் புத்தகம், ஒன்றில் கிடைக்காதவரை மற்றதில் தேட வேண்டும். மெக்சிகோ விடுதலை பெற்றதும் 1822-ல் பதிவேடுகளில் இந்தக் குறிப்பை எழுதக்கூடாது என்று தடை வந்தது. அதற்குப் பிந்தைய பதிவுகளில் அது மறைவதைக் கண்டு பக்கம் காணாமல் போயிற்றோ என்று குழம்ப வேண்டாம். குடும்ப மரத்தில் அந்தப் பெண்ணின் பெயருக்கு அருகே ‘இன்ன ஆண்டில் குரு இப்படி எழுதினார்’ என்று குறித்தால் போதும். இரத்தக் கணக்காக அதை மாற்றி, பாதி, கால் என்று போட வேண்டாம். அவளைப் பற்றி அந்தப் பதிவு அவ்வளவு சொல்லவில்லை.

நீங்கள் ‘ஏதோ’ என்று எழுதிய ‘மூன்றாம் படி’தான் உங்கள் கையில் இருப்பவற்றில் பெரிய புதையல். மணமக்கள் இரத்த உறவினர். பொது மூதாதையை ‘த்ரோன்கோ’, அடிமரம், என்பார்கள். அங்கிருந்து இருபுறமும் இறங்கி எண்ண வேண்டும்: உடன்பிறந்தோர் முதல் படி, அவர்களின் பிள்ளைகள் இரண்டாம் படி, பேரப்பிள்ளைகள் மூன்றாம் படி. அதாவது மணமகனின் தாத்தா பாட்டியில் ஒருவரும் மணமகளின் தாத்தா பாட்டியில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். ‘தெர்சேரோ கோன் குவார்த்தோ’, மூன்றும் நான்கும் என்று வந்தால் ஒருவர் ஒரு தலைமுறை கீழே இருக்கிறார். 1917-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வரை நான்காம் படிவரை தடை இருந்தது. நம்மூரில் அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முறை என்று பேசுகிறோம். அங்கே அதே உறவுக்கு மேலிடத்தில் ‘திஸ்பென்சா’, விலக்கு, வாங்க வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இந்த விலக்கு புதிதல்ல.

விலக்குக்கு மனுப் போட்டால் உறவை நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று சாட்சியம் எழுதி, பல கோப்புகளில் உறவு மரத்தையே வரைந்து வைத்திருப்பார்கள். ஏன் சொந்தத்தில் மணக்க வேண்டும் என்ற காரணமும் இருக்கும்: ஊர் சிறியது, பெண்ணுக்கு வேறு வரன் இல்லை, தகப்பன் இல்லாத பிள்ளை, வயது ஏறிவிட்டது. லாகோஸ் இருக்கும் லோஸ் ஆல்த்தோஸ் மேட்டுநிலம் சொந்தத்துக்குள் கொண்டு கொடுப்பதற்குப் பேர்போனது; அங்கே இப்படிப்பட்ட கோப்புகள் நிறைய. உங்கள் 1868 தம்பதியின் கோப்பு குவாதலஹாரா உயர்மறைமாவட்டத் தொகுப்பில் இருக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் ஒரே கோப்பில் பதினெட்டாம் நூற்றாண்டுவரை போய்விடலாம். அதில் பார்க்க வேண்டிய சொற்கள்: ‘கொன்சங்கினிதாத்’ இரத்த உறவு, ‘அஃபினிதாத்’ சம்பந்த வழி உறவு, ‘ப்ரெத்தென்சோ’ மணமகன், ‘ப்ரெத்தென்சா’ மணமகள், ‘சொல்தேரோ’ மணமாகாதவர், ‘வியூதா’ விதவை, ‘தெஸ்தீகோ’ சாட்சி. ‘அமொனெஸ்தாசியோனெஸ்’ என்பது நம் கோயில்களில் மூன்று முறை வாசிக்கும் கல்யாண ஓலை. பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் ‘திஃபுந்தோ’ அல்லது ‘ஃபினாதோ’ என்று இருந்தால் அவர் அந்தத் தேதிக்கு முன்பே காலமானவர். அடக்கப் பதிவை அதற்குப் பின்னால் தேட வேண்டியதில்லை.

அடக்கப் பதிவுகள் சுருக்கமானவை. ‘பார்வுலோ’ என்றால் சிறு குழந்தை. ‘விருவேலா’, பெரியம்மை, என்ற சொல் பக்கம் பக்கமாக வரும் ஆண்டுகள் உண்டு. அவற்றைத் திருப்பும்போது கொஞ்சம் மெதுவாகத் திருப்புங்கள்.

தேதிகளில் மூன்று கண்ணிகள். எண் ஏழு போட்டு மேலே ‘ப்ரே’ என்று எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். இலத்தீனில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்ற எண்களால் அமைந்த மாதப் பெயர்கள் அவை. அடுத்தது, ‘செசேந்தா’ அறுபது, ‘செத்தேந்தா’ எழுபது. நடுவில் ஓரெழுத்து மாறினால் பத்து ஆண்டு தவறும். அதேபோல் ‘செயிஸ்சியேந்தோஸ்’ அறுநூறு, ‘செத்தேசியேந்தோஸ்’ எழுநூறு. மூன்றாவது, ‘ப்ரோக்சிமோ பசாதோ’ என்றால் போன மாதம்.

எழுத்துக்கூட்டலிலும் கெடுபிடி கிடையாது. ‘ஹிமேனெஸ்’ என்ற ஒரே குடும்பப் பெயர் எக்ஸிலும் தொடங்கும், ஜேயிலும் தொடங்கும், ஜியிலும் தொடங்கும். மெக்சிகோவில் எஸ், ஸெட், மெலிந்த சி மூன்றும் ஒரே ஒலி. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். ‘எர்னாந்தெஸ்’ முதலில் நிற்கும் ஒலியில்லாத எழுத்தை விட்டுவிட்டும் எழுதுவார். கிறிஸ்தோபல் என்ற பெயர் எக்ஸும் பியும் போட்டுத் தொடங்கினால் மிரள வேண்டாம். கிறிஸ்துவின் பெயரைக் கிரேக்க எழுத்தில் சுருக்கும் பழைய வழக்கம் அது. ஃபேமிலிசர்ச் (FamilySearch) தளத்தில் மெக்சிகோவின் பங்குப் பதிவேடுகள் பெருமளவில் இலவசமாகப் படமாகக் கிடைக்கின்றன. அங்கே பெயர் போட்டுத் தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அட்டவணையை ஒதுக்கிவிட்டுப் பக்கங்களையே புரட்டுங்கள்.

பாட்டியின் 1927-ம் வருடப் பதிவு கிடைக்காததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அரசு திருச்சபை மேல் கொண்டுவந்த சட்டங்களை எதிர்த்து, 1926 ஜூலை 31 அன்று மெக்சிகோ ஆயர்கள் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள். அதைத் தொடர்ந்து கிறிஸ்தேரோக்கள் என்ற கத்தோலிக்கக் கிளர்ச்சியாளர்களின் போர் வெடித்தது. 1929 ஜூனில் உடன்பாடு ஏற்படும்வரை கோயில்களில் பூசை இல்லை. அந்தப் போரின் இதயப்பகுதியே லோஸ் ஆல்த்தோஸ். குருக்கள் மறைந்து வாழ்ந்தார்கள், வீடுகளிலும் ராஞ்சோ என்னும் சிற்றூர்களிலும் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1927-ல் ராணுவம் கிராமத்து மக்களை ஊரைக் காலி செய்து நகரங்களுக்குப் போகச் சொன்னது. ஆகவே பாட்டியின் பதிவை மூன்று இடங்களில் தேடுங்கள். வழிபாடு மீண்ட பிறகு 1929, 1930 ஆண்டுகளின் புத்தகங்களில் பிந்தி ஏறியிருக்கலாம். பக்கத்துப் பங்குகளில் இருக்கலாம். ‘ஆக்வா தே சொக்கோர்ரோ’ என்ற சொல் கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். குரு வர முடியாத ஆபத்தில் மருத்துவச்சியோ வீட்டாரோ ஊற்றிய ஞானஸ்நானத் தண்ணீர் அது, எண்ணெய் பூசும் சடங்கு பின்னால் நடந்திருக்கும்.

மூன்றாவது இடம், அவற்றைவிட நம்பகமானது, அரசுப் பதிவு. மெக்சிகோ அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் 1859 ஜூலையில் கொண்டுவந்த சட்டத்தால் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் அரசின் கைக்கு வந்தன. பல ஊர்களில் நடைமுறைக்கு வரக் கொஞ்சம் காலமாயிற்று, கோயிலில் மட்டும் பதிந்தவர்களும் இருந்தார்கள். 1927-ல் அலுவலகம் நிலைபெற்றிருந்தது. அங்கும் ஒரு வாக்கியம்தான்: ‘ஆந்தே மீ’ என் முன்னிலையில், ‘கொம்பாரெசியோ’ வந்து நின்றார், ‘ப்ரெசென்தோ வீவா ஊனா நிஞா’ ஒரு பெண் குழந்தையை உயிருடன் காட்டினார். பின் தந்தை தாயின் வயது, ஊர், தொழில். தாத்தா பாட்டிகள் நால்வர். ‘லப்ரதோர்’ உழவர், ‘ஹொர்னலேரோ’ தினக்கூலி, ‘அர்ரியேரோ’ கோவேறு கழுதைகளில் சரக்கு ஓட்டுபவர்.

கற்கும் முறை பற்றிக் கடைசியாக. பழையதில் தொடங்காதீர்கள். 1920களின் அரசுப் பதிவில் தொடங்கி, 1868-க்கும் 1840களுக்கும் வந்து, 1790களைக் கடைசியில் தொடுங்கள். ஒரு பதிவை எடுத்தால் முதலில் பொருள் தேடாமல், கண்ணுக்குத் தெரிந்த எழுத்தை அப்படியே தாளில் பெயர்த்தெழுதுங்கள். பிழையையும் திருத்த வேண்டாம். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். பிறகு அதே குரு எழுதிய முன்பின் பத்துப் பதிவுகளைப் படியுங்கள். அவர் ‘எஸ்’ஸை எப்படி நீட்டுகிறார், ‘ர’வை எப்படி மடக்குகிறார் என்பது பிடிபட்டதும் புள்ளிகள் தாமாக நிரம்பும். பெயர்த்தெழுதியதை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவருக்குக் கண்ணில் பிடிபடாத மொழி காதில் பிடிபடும். உங்கள் உச்சரிப்பு நன்றாகவே வரும்; ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறும் ‘ஞ’ நமக்குப் பிறவியிலேயே உண்டு, ‘ர’வும் ‘ற’வும் பிரித்துச் சொல்லிய நாக்குக்கு அவர்களுடைய இரண்டு ரகரமும் கடினமில்லை.

முதல் வேலையாக பாட்டியின் அரசுத் திருமணப் பதிவைத் தேடுங்கள், பிறப்புப் பதிவை அடுத்து வைத்துக்கொள்ளலாம். திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோரும் பிறந்த ஊர்களும் இருக்கும். பாட்டி பிறந்தது எந்தச் சிற்றூர், அது எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பது அதிலிருந்து தெளிவாகும். அந்தப் பக்கத்தின் படம் கிடைத்ததும், பெயர்த்தெழுதிய தாளோடு எனக்கு அனுப்புங்கள். படிக்க முடியாத இடங்களைச் சேர்ந்து பார்ப்போம்.